பாட்டிக்கு வடைக்காசு யார் கொடுப்பது?

தொடக்கப்பள்ளியில் கதைக்குறிப்பு எழுதும் வழக்கம்: சில வரலாற்றுக் குறிப்புகள்

1

திண்டிவனத்தில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு சிறுமி, நான்காம் வகுப்பு படிப்பவள், ஒருநாள் மாலை ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். பள்ளியில் கொடுத்தது. 'புக் ரிப்போர்ட்' என்று மேலே அச்சிட்டிருந்தது. கீழே ஐந்து கட்டங்கள்: புத்தகத்தின் பெயர், ஆசிரியர் பெயர், கதாபாத்திரங்கள், கதைச்சுருக்கம், கதை உணர்த்தும் நீதி. "மாமா, இத கொஞ்சம் ரொப்பிக் குடு. நாளைக்கு மிஸ் கேப்பாங்க."

கதை நமக்கெல்லாம் தெரிந்த வடை, காக்கா, நரி கதைதான். படம் போட்ட சிறிய புத்தகம். நீதிக் கட்டத்தை அவளே முதலில் நிரப்பி வைத்திருந்தாள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதியது: 'பிறர் புகழ்ச்சிக்கு மயங்கக் கூடாது.' சுருக்கம்தான் வரவில்லை. சரி, எழுத வேண்டாம், வாயால் சொல்லு என்றேன்.

"ஒரு ஆயா மரத்தடில வட சுட்டு வித்துனு இருந்தாங்க. ஒரு காக்கா வந்து ஒண்ண தூக்கினு போயிடுச்சி..." அங்கேயே நின்றுவிட்டாள். "ஏன் மாமா, அந்த ஆயாவுக்கு யாரு காசு குடுப்பாங்க?"

அவளுடைய சொந்த ஆயா பஸ் ஸ்டாண்டில் அவித்த மல்லாட்டை விற்கிறவர். கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிந்தது. நல்ல கேள்வி, அதையே எழுது என்றேன். தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இத எந்தக் கட்டத்துல எழுதறது?"

எந்தக் கட்டத்திலும் அதற்கு இடமில்லை. நீதிக் கட்டம் யாரிடம் பேசுகிறது என்று பாருங்கள். ஏமாந்துபோன காக்காவுக்கு அது புத்தி சொல்கிறது. காக்காவோ வடையைத் திருடியது. திருட்டுக் கொடுத்த பாட்டி கதைச்சுருக்கத்தின் முதல் வரியிலேயே காணாமல் போகிறார். கூலியும் முதலும் போட்டு உழைத்தவரை விட்டுவிட்டு, ஒரு திருடனை இன்னொரு திருடன் எப்படி ஏமாற்றினான் என்பதை நம் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லி வந்திருக்கிறோம். இதைக் கண்டுபிடிக்க ஒரு நான்காம் வகுப்புக் குழந்தைக்கு எந்தக் கோட்பாடும் தேவைப்படவில்லை. கண்டுபிடித்ததை எழுத இடம்தான் இல்லை. அந்த இடம் ஏன் இல்லாமல் போயிற்று?

2

1822 ஜூன் மாதம் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, மாவட்டந்தோறும் உள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொல்லிக் கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். 1826 மார்ச்சில் அவர் தொகுத்துச் சொன்ன கணக்கு: 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். இதில் பெண் பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. தமிழ்ப் பகுதிகளில் இவை பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகள். மணலில் எழுத்து, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், பிறகு ஓலை வாசிப்பு. எல்லாமே மனப்பாடம். இதைக் குருட்டு மனப்பாடம் என்று காலனிய அதிகாரிகள் எழுதினார்கள். அப்படித் தள்ளிவிட முடியாது, நினைவே அங்கு ஒரு திறன், கணக்கு எழுதும் உத்தியோகத்தோடும் ஊர் நிர்வாகத்தோடும் பிணைந்திருந்த திறன் என்பதை பவானி ராமன் (2012இல் வெளியான அவரது நூலில்), செந்தில் பாபு போன்றோரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் இந்தத் திண்ணையைப் பொற்காலமாக்கவும் தேவையில்லை. சேரிப் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. ஏறி உட்கார்ந்த பிள்ளையிடமும் 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று யாரும் கேட்கவில்லை. பிசகாமல் திருப்பிச் சொல்வதே கல்வி.

உரைநடைக் கதை வகுப்பறைக்குள் வந்தது வேறு வழியாக. வீரமாமுனிவரின் பரமார்த்த குருவின் கதை 18ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. தமிழ் கற்க வந்த ஐரோப்பியர்களுக்குப் பேச்சு நடையைப் பழக்குவது அதன் நோக்கங்களில் ஒன்று. 1822இல் பாபிங்டன் அதை ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சிட்டார். 1812இல் தொடங்கிய சென்னைக் கல்விச் சங்கம், கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்கு நாட்டு மொழிகளைக் கற்பித்துத் தேர்வு வைத்தது. அங்கிருந்த தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பெயர்த்த பஞ்சதந்திரக் கதை 1826இல் அச்சானது. ஆக, அச்சில் வந்த தமிழ் உரைநடைக் கதையின் முதல் மாணவர்களில் பலர் வெள்ளைக்காரத் துரைமார்கள். கதை படித்தார்கள், தேர்வு எழுதினார்கள், உத்தியோகம் பார்த்தார்கள். கதையில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்கு இரண்டாம்பட்சம். மொழி வந்துவிட்டதா என்று சோதிக்கும் அளவுகோல் அது. கதைக்கும் தேர்வுக்கும் முடிச்சு விழுந்தது இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த முடிச்சு இறுகியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். 1854 கல்வி அறிக்கைக்குப் பிறகு தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் வந்தது. இங்கிலாந்தில் 1862இல் நடைமுறைக்கு வந்த 'தேர்ச்சிக்கேற்ற மானியம்' என்ற முறை சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. இன்ஸ்பெக்டர் வருவார். ஒவ்வொரு பிள்ளையும் வாசித்து, எழுதி, கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். தேறிய தலைக்கு இவ்வளவு என்று காசு. வாத்தியாரின் சோறு பிள்ளையின் வாயில் இருந்தது. இப்படிப்பட்ட ஒரு நாளில், ஒரு கதையைப் பற்றிப் பிள்ளைக்கு என்ன தோன்றியது என்று கேட்பது ஆபத்தான காரியம். நாற்பது பிள்ளைகளுக்கும் ஒரே விடை, ஒரு வரி, சரி அல்லது தப்பு என்று உடனே சொல்லிவிடக்கூடிய விடைதான் வேண்டும். 'இக்கதையால் நாம் அறியும் நீதி யாது?' என்பதைவிட இதற்குப் பொருத்தமான கேள்வி வேறு எது?

நீதி சொல்வது நம் மரபுதானே, வெள்ளைக்காரன்மேல் ஏன் பழி போடுகிறாய் என்று கேட்கலாம். கேட்க வேண்டும். பஞ்சதந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் முதல் பகுதியில் கதைகளைச் சொல்பவை பெரும்பாலும் இரண்டு நரிகள். ஒரு நரி தன் பக்கத்துக்கு ஒரு கதை சொல்லும், மற்றது மறுத்து இன்னொரு கதை சொல்லும். ஒவ்வொரு நீதியும் அங்கே ஒரு வழக்கில் ஒரு கட்சிக்காரர் வைக்கும் வாதம். அதை ஏற்கலாம், எதிர்க்கலாம். பள்ளிப் புத்தகம் அந்த இரண்டு நரிகளையும் வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே இருந்த குட்டிக்கதைகளை மட்டும் தனித்தனியாக எடுத்து வைத்தது. வாதம் போய்விட்டது. எஞ்சிய நீதி கட்டளையாகிவிட்டது. மரபிலிருந்து வந்தது கதை, அதை நறுக்கிய கத்தரிக்கோல் தேர்வினுடையது.

மானிய முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒழிந்தது. அதன் நிழல் ஒழியவில்லை. கிருஷ்ண குமார் 1991இல் வெளியிட்ட நூலில் இதைப் பாடநூல் பண்பாடு என்கிறார். பாடநூலைத் தேர்ந்தெடுக்க அதிகாரமில்லாத, ஆனால் வகுப்புக்குள் பிள்ளைகள்மேல் முழு அதிகாரம் கொண்ட ஆசிரியரை 'சாதுவான சர்வாதிகாரி' என்ற பொருளில் அவர் விவரிப்பது நம்மூர் வாத்தியார்களுக்கும் பொருந்தும். 1970இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் வந்த பிறகு மாநிலம் முழுக்க ஒரே புத்தகம், ஒரே பயிற்சி வினா. சாதிக்கொரு பாடம் என்றில்லாமல் எல்லோருக்கும் ஒரே புத்தகம் மலிவாகக் கிடைத்தது பெரிய காரியம், அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் ஒரே வினாவுக்கு ஒரே விடை என்பதும் கூடவே வந்தது. துணைப்பாடக் கதைக்கு நோட்ஸ் வந்தது. கதையைப் படிக்காமலே கதைச்சுருக்கம் எழுதித் தேறிய தலைமுறைகள் நாம். இப்போது ஆங்கிலவழிப் பள்ளிகளில் 'புக் ரிப்போர்ட்' என்ற பெயரில், ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்த தாளில் வருவதும் அதே பழைய இன்ஸ்பெக்டர்தான்.

3

எங்கள் பக்கத்தில் கதையைப் பற்றிப் பேசும் வேறு பழக்கமே இல்லையா?

செஞ்சியைச் சுற்றிய ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. மேலச்சேரியை மையமாகக் கொண்ட இந்த வழிபாட்டைப் பற்றி ஆல்ஃப் ஹில்டெபெய்டெல் 1988 முதல் விரிவாக எழுதினார். நாம் இங்கு கவனிக்க வேண்டியவர் கட்டியங்காரன். ராஜா வேஷம் திரைக்குப் பின்னால் நிற்கும்போதே 'நீ யார், எந்த ஊர், எதுக்கு வந்தே?' என்று கேட்பவன் அவன். கதைக்கு உள்ளேயும் இருக்கிறான், வெளியே ஜனங்களோடும் நிற்கிறான். ராஜா சொன்னதை ஊர்ப் பேச்சில் திருப்பிச் சொல்வான், கிண்டல் செய்வான், இடைமறிப்பான். கதைக்குறிப்பு எழுதும் பிள்ளைக்கு நம் மண்ணிலேயே ஒரு முன்மாதிரி வேண்டுமென்றால் அது கட்டியங்காரன்தான். விடிந்த பிறகு டீக்கடையில் நடக்கும் சண்டையும் அதன் தொடர்ச்சியே. கர்ணன் செய்தது சரியா, சபையில் தருமன் பொண்டாட்டியை வைத்து ஆடலாமா? யாரும் நீதி எழுதி மார்க் வாங்குவதில்லை.

இதையும் அழகுபடுத்திப் பார்க்க முடியாது. விழுப்புரத்துக்கு அருகே மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் வருவதை எதிர்த்து எழுந்த பிரச்சினையால், 2023 ஜூனில் வருவாய்த் துறை அந்தக் கோயிலுக்குச் சீல் வைத்தது. சபையில் அவமானப்பட்ட ஒருத்தியின் கதையைக் கும்பிடும் இடத்திலேயே யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்வி. கதை பொதுவாக இருப்பதால் மட்டும் அதைக் கேட்கும் உரிமை பொதுவாகிவிடுவதில்லை. பள்ளிக்கூடம் இங்கேதான் முக்கியமாகிறது. எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே கதையைச் சேர்ந்து உட்கார்ந்து கேட்கக்கூடிய இடம் எங்கள் ஊர்களில் அநேகமாக அது ஒன்றுதான்.

ஒரே கதை இரண்டு வாசகர்களிடம் என்ன ஆகும் என்பதற்கு அரிச்சந்திரன் நல்ல சான்று. சிறுவயதில் அந்த நாடகத்தைப் பார்த்த காந்தி, எல்லோரும் அரிச்சந்திரனைப் போல உண்மையாக இருந்தால் என்ன என்று ஏங்கியதாகத் தன் சுயசரிதையில் எழுதுகிறார். அயோத்திதாசரோ 'அரிச்சந்திரன் பொய்கள்' என்றே தலைப்பிட்டு எழுதினார். கதை யாரைச் சுடுகாட்டில் நிறுத்துகிறது, ஏன் நிறுத்துகிறது என்பது அவர் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. இரண்டுமே வாசிப்பு. 'வாய்மையே வெல்லும்' என்ற ஒரு கட்டத்தில் இரண்டாமவருக்கு இடமில்லை.

அம்புலிமாமா படித்தவர்களுக்கு வேதாளம் ஞாபகம் இருக்கும். கதை சொல்லி முடித்துவிட்டு அது நீதி சொல்லாது. கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னாலோ வேதாளம் மறுபடி மரத்தில் ஏறிக்கொள்ளும், அடுத்த கதைக்காக விக்கிரமாதித்தன் திரும்ப நடக்க வேண்டும். நல்ல விடை கதையை மூடாது. வாசகனை மறுபடி மரத்தடிக்கு அனுப்பும்.

4

1967இல் ரோலண் பார்த் ஆசிரியனின் மரணத்தை அறிவித்தார். 80களிலும் 90களிலும் நம் சிறுபத்திரிகைகளில் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம், சண்டை போட்டோம். அந்தக் கட்டுரை வாசகனின் பிறப்பில் முடிகிறது. நாம் சண்டை போட்டுக்கொண்டிருந்த அறைக்குப் பக்கத்திலேயே இருந்த பஞ்சாயத்து யூனியன் பள்ளியில் வாசகர் பிறக்கவில்லை என்பதை எத்தனை பேர் எட்டிப் பார்த்தோம்?

நிலைமை மாறாமல் இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தது. வாத்தியார் தரையில் உட்கார்ந்தார், பிள்ளைகள் அட்டைகளைத் தாங்களே எடுத்தார்கள். 2012-13இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணத்துக்கு அருகே முதலியார்குப்பத்தில்தான் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. 2023இல் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் வந்தது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில், பாடநூல் அல்லாத சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கே வந்தன. திண்டிவனம் ரோசனையில் பேராசிரியர் கல்விமணி முன்னின்று உருவாக்கிய தாய்த்தமிழ்ப் பள்ளி போன்ற முயற்சிகளும் உண்டு.

புத்தகம் வந்துவிட்டது. அதன் பின்னாலேயே ஐந்து கட்டத் தாளும் வந்துவிடும் என்பதுதான் என் பயம். மதிப்பீடு என்றவுடன் பதிவேடு, பதிவேடு என்றவுடன் ஒரே மாதிரி விடை. வயலில் எலி வளை வெட்டி நெல் எடுக்கும் இருளர் வீட்டுப் பிள்ளை ஒன்று, தானியம் திருடும் எலியைப் பற்றிய கதையைப் படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எலி அந்தப் பிள்ளைக்குத் திருடன் இல்லை. வளைக்குள் நெல் சேர்த்து வைத்தது எலிதான், அதை நம்பித்தான் சில நாள் அடுப்பு எரிந்தது. அதை எழுத அந்தப் பிள்ளைக்கு ஒரு கட்டம் வேண்டும். இல்லாவிட்டால் தன் வீட்டுக்குத் தெரிந்ததைப் பள்ளிக்கு வெளியே விட்டுவிட்டு வரும். பிறகு தானும் வெளியே நின்றுவிடும்.

5

அப்படியென்றால் ஒரு தொடக்கப்பள்ளிப் பிள்ளை கதைக்குறிப்பை எப்படித் தயாரிப்பது? ஆசிரிய நண்பர்களுக்காகச் சில யோசனைகள்.

புத்தகத்தைப் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். பிடிக்காவிட்டால் பாதியில் வைத்துவிட்டு வேறு எடுக்கட்டும். படித்ததை உடனே எழுதச் சொல்லாதீர்கள். வீட்டில் ஒருவருக்கு, முடிந்தால் படிக்கத் தெரியாத ஒருவருக்கு, வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் எங்கே சிரித்தார், எங்கே குறுக்கே கேட்டார் என்று பார்த்து வரச் சொல்லுங்கள். மறுநாள் வகுப்பில் வாயால் கதை சொல்ல வேண்டும். வீட்டுப் பேச்சிலேயே சொல்லட்டும்.

எழுதும்போது இத்தாலியின் பார்பியானா பிள்ளைகளின் முறை உதவும். 1967இல் 'ஆசிரியருக்குக் கடிதம்' எழுதிய எட்டு மலைக்கிராமப் பையன்கள், தோன்றியதையெல்லாம் துண்டுச்சீட்டில் எழுதினார்கள், ஒரு சீட்டுக்கு ஒரு நினைப்பு. பிறகு எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, ஒன்றுபோல இருப்பதை நீக்கி, வரிசைப்படுத்தி, சேர்ந்து உட்கார்ந்து எழுதினார்கள். நாலைந்து பிள்ளைகள் ஒரே கதையைப் படித்திருந்தால் நம் வகுப்பிலும் இதைச் செய்யலாம். மேசை வேண்டாம், தரை போதும்.

புத்தகப் பெயரும், எழுதியவர், படம் வரைந்தவர் பெயரும் அவசியம். இன்னொரு பிள்ளை அந்தப் புத்தகத்தைத் தேடி எடுக்க அதுதான் விலாசம். கதைச்சுருக்கமும் வேண்டியதுதான். படிக்காத ஒருவருக்குப் புரியும் அளவு, ஐந்தாறு வாக்கியம். யார் என்ன செய்தார்கள், அதனால் என்ன ஆயிற்று என்ற வரிசை பிசகக் கூடாது. முடிவைச் சொல்லலாமா வேண்டாமா என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். இதற்குப் பிறகு நீதிக் கட்டத்தை எடுத்துவிட்டு மூன்று கேள்விகளை வைக்கலாம். படிக்கும்போது எந்த இடத்தில் நின்றாய், ஏன்? கதையில் வந்தவர்களில் யாரைப் பற்றிக் கதை பேசாமல் விட்டுவிட்டது? நீ சொல்வதற்குப் புத்தகத்தில் எந்தப் பக்கம் சாட்சி?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்பதல்ல வாசிப்பு. பாட்டிக்குக் காசு யாரும் தரவில்லை என்றால், தராத பக்கத்தைக் காட்ட வேண்டும். நமக்குத் தோன்றியதைப் பிரதியோடு மோதவிட்டுப் பார்க்கும் பழக்கம் பிறகு ரேஷன் கார்டையும் பட்டாவையும் படிக்கும்போது உதவும்.

மொழி விஷயம். 'ஆயா' என்று எழுதினால் சிவப்பு மையில் 'பாட்டி' என்று திருத்துகிறோம். பள்ளிக்கூட மொழியில் ஆயா என்றால் கூட்டிப் பெருக்கும் அம்மா. பிள்ளைக்கோ அம்மாவைப் பெற்றவள். முதல் வரைவில் எதையும் திருத்தாதீர்கள். 'தூக்கினு போச்சி' அப்படியே இருக்கட்டும். இரண்டாம் வரைவில் 'தூக்கிக்கொண்டு போனது' என்று எழுதப் பழக்கலாம், பழக்கத்தான் வேண்டும். எழுத்துத் தமிழ் தெரியாமல் இந்தப் பிள்ளைகளால் எந்த ஆபீசிலும் ஒரு மனு கொடுக்க முடியாது. கதையில் யாராவது பேசும் இடத்தில் மட்டும் அவரவர் பேச்சு அப்படியே நிற்கலாம்.

மார்க் போடாதீர்கள். அடியில் நீங்களும் ஒரு கேள்வி எழுதுங்கள். முடித்த குறிப்பை அந்தப் புத்தகத்தின் பின்னட்டைக்குள்ளேயே செருகி வையுங்கள். அடுத்து எடுக்கும் பிள்ளை அதைப் படிக்கும், ஒத்துக்கொள்ளும், சண்டை போடும். இன்ஸ்பெக்டருக்குக் கணக்குக் காட்டுவதற்குப் பதில், அடுத்த வாசகருக்கு எழுதும் கடிதமாகக் கதைக்குறிப்பு ஆகும்.

எங்கள் தெருச் சிறுமி தாளின் அடியில் ஸ்கேல் வைத்து ஆறாவதாக ஒரு கட்டம் போட்டாள். தன் கேள்வியை அதில் எழுதினாள். மறுநாள் தாள் திரும்பி வந்தது. ஐந்து கட்டங்களிலும் டிக். ஆறாவதில் டிக்கும் இல்லை, தப்பும் இல்லை. "மிஸ் படிச்சாங்களா இல்லியான்னு தெரியல மாமா" என்றாள்.

அன்று ராத்திரி அவளுடைய ஆயாவுக்குப் புத்தகத்தைப் படித்துக் காட்டியிருக்கிறாள். ஆயா கேட்டுவிட்டுச் சிரித்தாராம். "யாரு குடுப்பாங்க? காக்கா தூக்கினு போறதுக்குன்னே நானு தெனம் ரெண்டு கை மல்லாட்ட சேத்துதாண்டி எடுத்துனு போறேன்."

அதையும் ஆறாவது கட்டத்தில் எழுதி வைத்திருக்கிறாள். இடம் போதாமல் தாளின் பின்பக்கம் வரை போயிருக்கிறது.